ஒளியிழை வலையமைப்பில் பாதை தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், மிட்ராண்ட், ஜோகன்னஸ்பர்க் பக்கம் டெலிகாம் வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, இணையத் தகவலுக்கு வழி தேடும் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி விதிமுறைகள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அதற்குக் கீழே ஓடும் ஒளி அடுக்கில் உட்கார வைத்தால்தான் திணறுகிறார்கள். வேலை இடைவேளையிலும் வாட்ஸ்அப்பிலும் கோயில் அன்னதான வரிசையிலும் அவர்கள் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். டெலிகாம் பக்கமே வராத ஒரு பெரியவர் கேட்டதும் ஒன்று இருக்கிறது.

ஐபி ரௌட்டிங் எனக்கு அத்துப்படி. ஒளியில் பாதை தேடுவதும் அதே மாதிரிதானே?

பாதி அப்படித்தான். ரௌட்டரில் ஒவ்வொரு ஹாப்பிலும் பாக்கெட் மின்சாரமாக மாறி, பிழை சரிபார்க்கப்பட்டு, புதிதாகக் கிளம்புகிறது. பத்து ஹாப் தாண்டினாலும் ஒன்று ஒன்றாகவும் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவும் இருக்கும். ஒரே இழையில் பல அலைநீளங்களை ஏற்றி அனுப்பும் டிடபிள்யூடிஎம் வலையில் டர்பனில் ஏறிய அலைநீளம் ஜோகன்னஸ்பர்க் சேரும்வரை ஒளியாகவே போகிறது. நடுவில் ஆம்ப்ளிஃபயர்கள் பெருக்குகின்றன, ரோடம்கள் என்ற ஒளி ஸ்விட்சுகள் திசை திருப்புகின்றன. யாரும் அதைத் துடைத்து விடுவதில்லை. வழியில் சேர்ந்த அழுக்கு மொத்தமும் கடைசி ரிசீவரின் தலையில் விழுகிறது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கிளம்பும்போது எந்த அலைநீளமோ, கடைசிவரை அதேதான். நடுவில் ஒரே ஒரு பகுதியில் அந்த அலைநீளத்தை வேறு யாராவது பிடித்திருந்தால், பாதையில் மற்ற இடமெல்லாம் காலியாக இருந்தும் பயனில்லை. பாதையையும் அலைநீளத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் இந்தக் கணக்கு என்பி-கம்ப்ளீட் வகை என்று 1992-லேயே நிறுவிவிட்டார்கள். பெரிய வலைக்கு மிகச் சிறந்த விடையைச் சட்டென்று கண்டுபிடிக்கும் வழி யாரிடமும் இல்லை.

மூன்றாவதுதான் ஐபி ஆட்களுக்குப் பிடிபட நாளாகிறது. ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் என்பது லிங்கின் சொத்து, யார் போனாலும் அதே எண். ஒளியில் உங்கள் பாதையின் தரம் பக்கத்து அலைநீளங்களில் யார், எவ்வளவு திறனோடு ஓடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. இன்று நன்றாக ஓடும் சேனல், நாளை பக்கத்தில் ஒன்றை ஏற்றியதும் தடுமாறலாம்.

வழியில் ஒளிக்கு என்னதான் ஆகிறது?

முதலில் தேய்கிறது. சாதாரண ஜி.652 இழையில் 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் போகும். ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு), கனெக்டர் எல்லாம் சேர்த்து 0.25 என்று கணக்கிட்டால் ஏமாற மாட்டீர்கள். 80 கி.மீ. ஓடினால் 20 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்குதான் மிச்சம். அதைத் தூக்கிவிடத்தான் எர்பியம் ஆம்ப்ளிஃபயர். 1987-இல் வந்த இந்தச் சாதனம் இல்லையென்றால் நீண்டதூர டிடபிள்யூடிஎம் கிடையாது. அது பெருக்கும்போது தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்க்கிறது. ஒருமுறை கலந்த இரைச்சலை ஒளியாக இருக்கும்வரை பிரிக்க முடியாது. சிக்னலுக்கும் இந்த இரைச்சலுக்கும் உள்ள விகிதம்தான் ஓஎஸ்என்ஆர். திட்டமிடும் ஆள் நாள் முழுக்கப் பார்க்கும் எண் அதுதான்.

பிறகு டிஸ்பெர்ஷன்: தூரம் நீள நீளத் துடிப்பு அகலமாகப் பரவுகிறது, ஜி.652-இல் கிலோமீட்டருக்கும் நானோமீட்டருக்கும் சுமார் 17 பைக்கோசெகண்ட். பிஎம்டி: இழை சரியான வட்டமாக இல்லாததால் ஒளியின் இரண்டு போலரைசேஷனும் வேறு வேறு வேகத்தில் போகின்றன. ரோடம்களில் ஃபில்டர் இழுபறி: ஒவ்வொரு ஃபில்டரும் சேனலின் ஓரத்தைக் கொஞ்சம் சீவுகிறது. ஒன்றிரண்டில் தெரியாது, பத்து ரோடம் தாண்டினால் தெரியும். கிராஸ்டாக்: அடைத்த கதவு வழியாகவும் பக்கத்து அலை கொஞ்சம் கசியும். கடைசியாக நான்லீனியர் விளைவுகள். அவற்றுக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

கிலோமீட்டர் குறைவான பாதைதானே நல்ல பாதை?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போக என்3 நெடுஞ்சாலை ஓரமாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க், வான் ரீனன் கணவாய், ஹாரிஸ்மித் என்று ஒரு வழி. லேடிஸ்மித், நியூகாசில், ஃபோல்க்ஸ்ரஸ்ட் என்று ரயில் பாதையை ஒட்டி இன்னொரு வழி. கடற்கரையோடு முட்டுன்சினி வரை ஏறி உள்ளே திரும்புவது மூன்றாவது. கீழே வரும் எண்கள் பாடத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்தக் கம்பெனியின் வரைபடமும் அல்ல.

பாதை ‘அ’: 550 கி.மீ. ஆம்ப்ளிஃபயர் வைக்க இடம் கிடைக்காததால் 110 கி.மீ. கொண்ட ஐந்து ஸ்பேன் (ஒரு ஆம்ப்ளிஃபயருக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இழை நீளம்). பாதை ‘ஆ’: 720 கி.மீ., 80 கி.மீ. கொண்ட ஒன்பது ஸ்பேன். கணக்கு இதுதான்: 58-உடன் சேனல் திறனைக் கூட்டு. ஸ்பேன் இழப்பைக் கழி. ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் இரைச்சலின் அளவான நாய்ஸ் ஃபிகரைக் கழி. ஸ்பேன் எண்ணிக்கையின் லாகரிதத்தைப் பத்தால் பெருக்கி அதையும் கழி. அந்த 58 என்பது 1550 நானோமீட்டரில், 0.1 நானோமீட்டர் அகலத்தில் அளக்கும்போது வரும் மாறிலி. சேனல் திறன் 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்), நாய்ஸ் ஃபிகர் 5 என்று வையுங்கள்.

‘அ’: ஸ்பேன் இழப்பு 27.5. 58 − 27.5 − 5 − 7 = 18.5 டெசிபல்.

‘ஆ’: ஸ்பேன் இழப்பு 20. 58 − 20 − 5 − 9.5 = 23.5 டெசிபல்.

170 கி.மீ. சுற்றிப் போகும் பாதை 5 டெசிபல் சுத்தமாக இருக்கிறது. நொடிக்கு 3200 கோடி குறியீடு அனுப்பும் 32 ஜிகாபாடில், 100 ஜி (நொடிக்கு 100 ஜிகாபிட்) க்யூபிஎஸ்கே என்ற எளிய மாடுலேஷனுக்கு, அதாவது ஒளியில் தகவலை ஏற்றும் முறைக்கு, சுமார் 12 டெசிபல் போதும், இரண்டு பாதையும் தாங்கும். அதே பாடில் ஒரு குறியீட்டில் இரு மடங்கு தகவல் அடைக்கும் 200 ஜி 16 க்யூஏஎம் வேண்டுமென்றால் சுமார் 19 தேவை. ‘அ’ அங்கேயே படுத்துவிடும். ‘ஆ’ ஓடும்.

காரணம் லாகரிதத்தில் இருக்கிறது. ஸ்பேன் எண்ணிக்கை இரட்டித்தால் 3 டெசிபல்தான் போகிறது. ஒரு ஸ்பேன் நீண்டால் நீண்ட டெசிபல் அத்தனையும் அப்படியே போகிறது. இதையும் போட்டுப் பாருங்கள்: 130 கி.மீ. ஸ்பேனின் இழப்பு 32.5 டெசிபல், 80 கி.மீ. ஸ்பேனை விட 12.5 கூடுதல். 12.5 டெசிபல் என்றால் கிட்டத்தட்ட 18 மடங்கு. மலையில் இடம் கிடைக்காமல் விட்ட அந்த ஒரே நீள ஸ்பேன், பதினெட்டு சாதாரண ஸ்பேன் சேர்ந்து போடும் இரைச்சலைப் போடுகிறது. வரைபடத்தில் அது ஒரு சின்னக் கோடு.

ஆகவே எடை குறைந்த பாதையைத் தேடும் டைக்ஸ்ட்ரா அல்காரிதத்திடம் கிலோமீட்டரைக் கொடுக்காதீர்கள். டெசிபலையும் நேரடியாகக் கொடுக்காதீர்கள், அது கூட்டிப் போகாது. ஒவ்வொரு ஸ்பேனின் ஓஎஸ்என்ஆரையும் லீனியராக்கித் தலைகீழாகப் போட்டால் கூட்டலாம். அந்த எண்ணை லிங்க் எடையாக வைத்தால் டைக்ஸ்ட்ரா இரைச்சல் குறைந்த பாதையைச் சொல்லும். தாமதத்தை மட்டுமே பார்க்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் கிலோமீட்டர் முக்கியம். இழையில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் என்பதால் இந்த 170 கி.மீ. ஒரு வழிக்கு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. பங்குச் சந்தைக்காரரைத் தவிர வேறு யாரும் அதற்காகச் சண்டை போடப் போவதில்லை.

திறனைக் கூட்டி அனுப்பினால் இரைச்சல் பிரச்சினை தீர்ந்ததே?

கொஞ்ச தூரம் வரை தீரும். கல்யாண மண்டபத்தில் எல்லா மேசையும் ஒரே நேரத்தில் குரலை உயர்த்தினால் யாருக்கும் எதுவும் கேட்காது அல்லவா, அதேதான். இழைக்குள் ஒளியின் செறிவு கூடும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே மாறுகிறது. அது கெர் விளைவு. சேனல் தன்னையே கெடுத்துக்கொள்கிறது, பக்கத்துச் சேனலின் கட்டத்தையும் (ஃபேஸ்) ஆட்டுகிறது, மூன்று அலைகள் சேர்ந்து நான்காவதாக ஒன்றைப் பெற்றெடுக்கின்றன.

டூரின் பாலிடெக்னிக்கில் போஜியோலினியும் குழுவினரும் 2010-களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த ஜிஎன் மாடல் இந்தக் குழப்பத்தையெல்லாம் கூடுதல் இரைச்சலாக எடுத்துக்கொள்கிறது. அந்த இரைச்சல் திறனின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. சிக்னல் ஒரு டெசிபல் கூடினால் இது மூன்று டெசிபல் கூடும். வகையிட்டுப் பார்த்தால் உகந்த புள்ளி எங்கே என்று தெரியும்: நான்லீனியர் இரைச்சல் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலில் சரிபாதியாக இருக்கும் இடம். அங்கே மொத்த இரைச்சல் ஒன்றரை மடங்கு, அதாவது முன்கணக்கிலிருந்து சுமார் 1.8 டெசிபல் கழியும். மேலே ‘ஆ’ பாதையில் 0 டிபிஎம் உகந்த திறன் என்றே வைத்துக்கொண்டால் 23.5 என்பது 21.7 ஆகும். 19-க்கு மேல் இன்னும் இடம் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் லிங்க் தடுமாறினால் முதலில் திறனைக் கூட்டித்தான் பார்க்கிறார்கள். உகந்த புள்ளியைத் தாண்டியிருந்தால் குறைக்கத்தான் வேண்டும்.

கோஹெரண்ட் வந்த பிறகு டிஸ்பெர்ஷன், பிஎம்டி பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

பெரும்பாலும் யாரும் இல்லை. கோஹெரண்ட் ரிசீவர் ஒளியின் திறனை மட்டுமல்ல, கட்டத்தையும் சேர்த்துப் படிக்கிறது. திறனை மட்டும் பார்க்கும் 10 ஜி நேரடிக் கண்டறிதல் காலத்தில் சுமார் 1000 பைக்கோசெகண்ட்/நானோமீட்டர்தான் தாங்கும், அதாவது ஜி.652-இல் 60 கி.மீ. சொச்சம். அதற்குமேல் போக வழியெல்லாம் டிஸ்பெர்ஷனைச் சரிசெய்யும் இழைச் சுருளை வைத்தார்கள். கோஹெரண்ட் ரிசீவரில் டிஎஸ்பி என்ற சிக்னல் கணக்குச் சிப் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரின் டிஸ்பெர்ஷனைக் கணக்குப் போட்டே நேராக்கிவிடுகிறது.

தொல்லை, இரண்டு தலைமுறையும் ஒரே இழையில் குடியிருக்கும்போது வருகிறது. பழைய 10 ஜி சேனல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது போலத் திறனை ஆட்டுகிறது. அந்த ஆட்டம் பக்கத்துக் கோஹெரண்ட் சேனலின் கட்டத்தைக் கலைக்கும். அதனால் நடுவில் சில அலைநீளங்களைக் காலியாக விடுவது வழக்கம். அலைநீளத் தேர்வில் ‘முதலில் கிடைத்ததை எடு’ என்ற ஃபர்ஸ்ட்-ஃபிட் விதி இங்கே கண்மூடித்தனமாக வேலை செய்யும். காலியாகக் கிடக்கும் முதல் இடம் 10 ஜிக்குப் பக்கத்து இடமாகவே இருக்கும்.

சரி, மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது?

நடைமுறையில் இப்படி ஓடும். இரண்டு ஊருக்கும் நடுவே நான்கைந்து மாற்றுப் பாதைகளை முதலில் பட்டியல் போடும். ஒவ்வொன்றிலும் முழு நீளத்துக்கும் காலியான அலைநீளங்களைப் பார்க்கும். சேனலின் அகலத்தை மாற்றிக்கொள்ளும் நெகிழ்வான கிரிட் என்றால் 12.5 ஜிகாஹெர்ட்ஸ் துண்டுகளாக அடுத்தடுத்து எத்தனை காலி என்று பார்க்கும். பிறகு தர மதிப்பீடு: இந்தப் பாதை, இந்த அலைநீளம், இந்த மாடுலேஷன், ரிசீவரில் என்ன எண் வரும்? தேறினால் அடுத்த சோதனை, இதை ஏற்றினால் ஏற்கெனவே ஓடுபவர்கள் யாராவது வரம்புக்குக் கீழே விழுவார்களா? இந்த இரண்டாம் சோதனையை நேரம் மிச்சம் பிடிக்க விட்டுவிடும் கருவிகள் உண்டு. வாங்கும்போது விற்பனையாளரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒரு பாதையும் தேறவில்லையா? மாடுலேஷனை இறக்கலாம், 200 ஜி இடத்தில் 100 ஜி. அல்லது நடுவில் ரீஜெனரேட்டர் வைத்து ஒளியை மின்சாரமாக்கித் திரும்ப ஒளியாக்கலாம். பாதை இரண்டு குட்டிப் பாதையாகிறது, அழுக்கு சுத்தமாகிறது, அலைநீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம். விலைதான் இரண்டு டிரான்ஸ்பாண்டர் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி). ரீஜெனரேட்டரை எந்த ஊரில் குவித்து வைப்பது என்பதே தனி ஆராய்ச்சி. ஜோகன்னஸ்பர்க்–கேப்டவுன் போன்ற 1400 கி.மீ. ஓட்டத்துக்கு ப்ளூம்ஃபோன்டெய்ன் இயல்பாக மனதில் வரும். ஆனால் தரக் கணக்கு நீள ஸ்பேன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத்தான் இடம் சொல்லும்.

மார்ஜின் எவ்வளவு விட வேண்டும்?

மார்ஜின் என்பது தேவையான எண்ணுக்கு மேல் பத்திரத்துக்கு விடும் இடம். ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். பழைய பள்ளிக்காரர்கள் கணக்குக்கு மேல் 3 டெசிபல் விடுவார்கள். புதியவர்கள் 1 டெசிபல் போதும் என்பார்கள். என் கட்சி, மார்ஜினை மொத்தமாக விடாதே, எதற்கு எவ்வளவு என்று எழுதி வை.

இங்கே நம் ஊரில் பெரிய செலவு பழுதுபார்ப்பு. தோண்டும் வண்டி கேபிளை அறுத்தால் நடுவில் புதுத் துண்டு வைத்து இரண்டு பக்கமும் ஒட்டுவார்கள். ஒரு வெட்டுக்கு இரண்டு ஸ்ப்ளைஸ், ஒவ்வொன்றும் 0.1 டெசிபல் என்றால் ஒரே ஸ்பேனில் ஐந்து வெட்டுக்கு ஒரு டெசிபல். சாலை விரிவாக்கம் நடக்கும் பகுதியில் ஐந்து வெட்டு அதிசயமில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நாட்டாலில் பாலமும் சாலையும் அடித்துப் போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலத்தில் தொங்கும் கேபிள் பாலத்தோடு போகும். அவசரத்தில் இழுத்த தற்காலிக இழை ஆண்டுக்கணக்கில் நிரந்தரமாகவே இருந்துவிடும்.

ஆகவே சாலை வேலை நடக்கும் ஸ்பேனுக்குக் கூடுதல் மார்ஜின், மின்கோபுரத்தில் தொங்கும் ஸ்பேனுக்குக் குறைவு என்று பிரித்து வைப்பதே நியாயம். எல்லாவற்றுக்கும் ஒரே 3 டெசிபல் போட்டால் நல்ல பாதையிலும் 200 ஜி ஓடாது.

மின்கோபுரத்தில் தொங்கும் இழை பத்திரமானதா?

தோண்டும் வண்டியிடமிருந்து பத்திரம், இடியிடமிருந்து இல்லை. உயர் மின்னழுத்தக் கம்பங்களின் உச்சியில் ஓடும் தரைக் கம்பிக்குள்ளேயே இழையை வைக்கும் முறை இது. ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் கோடை மாலை இடி எப்படி இருக்கும் என்று ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? அந்தக் கம்பியில் மின்னல் பாயும்போது காந்தப்புலம் ஒளியின் போலரைசேஷனைத் திருகுகிறது. நொடிக்கு மில்லியன் ரேடியன் கணக்கில், சில பத்து மைக்ரோசெகண்டுக்குள் நடந்து முடிகிறது. டிஎஸ்பி அந்த வேகத்துக்குத் துரத்தாவிட்டால் ஒரு கொத்துப் பிழை. அலாரம் வரும், போய்ப் பார்த்தால் இழப்பும் மாறியிருக்காது, ஓஎஸ்என்ஆரும் மாறியிருக்காது.

பாதைத் தேர்வில் இதை டெசிபலாகச் சேர்க்க முடியாது. நல்ல வழி, முக்கியமான சேனலின் பிரதான பாதையையும் காப்புப் பாதையையும் ஒரே வகைக் கேபிளில் வைக்காமல் இருப்பது. ஒன்று மண்ணில், ஒன்று கோபுரத்தில்.

லோட்ஷெடிங் இதில் எங்கே வருகிறது?

முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தும்போது ஆம்ப்ளிஃபயர் குடில்களில். பேட்டரி தீர்ந்து டீசலும் வராவிட்டால் அந்த ஸ்பேன் இழை அறுந்ததற்குச் சமம். இரண்டு பாதையும் வேறு வேறு சாலையில் போனாலும் ஒரே துணைமின்நிலையத்தில் மின்சாரம் வாங்கும் குடில்கள் இருந்தால் அவை ஒரே ஆபத்துக் குழு. திட்டமிடும் மென்பொருளில் அதை உள்ளிட இடம் உண்டு. பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

வெட்டு விழுந்தால் மாற்றுப் பாதை தானாக வந்துவிடாதா?

ஐபி அடுக்கில் 50 மில்லிசெகண்டில் திரும்பலாம். ஒளி அடுக்கில் புதுப் பாதையை எழுப்பப் பல நொடி முதல் நிமிடங்கள் ஆகும், ஏனென்றால் ஆம்ப்ளிஃபயர்களின் திறனைப் படிப்படியாகச் சமன் செய்ய வேண்டும். இழையில் ஓடிய சேனல்களில் பாதி சட்டென்று மறைந்தால் மிச்சம் இருப்பவற்றின் திறன் துள்ளும். அறுபடாத பாதையில் ஓடிய அப்பாவிச் சேனலுக்கும் பிழை வருவது இதனால்தான்.

காப்புப் பாதையின் தரத்தை வெட்டு விழுந்த பிறகு கணக்குப் போட்டால் தாமதம். முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும், அதுவும் எல்லாச் சேனலும் அந்தப் பக்கம் ஒதுங்கும் நாளின் நெரிசலோடு. கடலிலும் இதே கதை. 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் அருகே டபிள்யூஏசிஎஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் என்ற நான்கு கடலடிக் கேபிள்களும் ஒன்றாக அறுந்தன. செங்கடலில் சீகாம் கேபிளுக்கு ஏற்கெனவே அடி. அந்த மே மாதம் கிழக்குக் கரையில் ஈஸியும் சீகாமும் அறுந்தன. மீதமிருந்த கேபிள்களுக்குப் போகும் நிலவழிப் பாதைகளில் அப்போது 16 க்யூஏஎம் தாங்காத இடங்களில் க்யூபிஎஸ்கேவுக்கு இறங்கத் தயாராக இருக்கும் டிரான்ஸ்பாண்டர் வைத்திருந்தால் பாதி வேகத்திலாவது போகலாம்.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் வந்திருக்கிறது தம்பி. சாயங்காலம் மெதுவாகிறதே, இதெல்லாம்தான் காரணமா?

இல்லை மாமா. உங்கள் வீட்டுக்கு வருவது ஜிபான் வகை. சுமார் 20 கி.மீ.க்குள் முடிந்துவிடும், நடுவில் ஆம்ப்ளிஃபயரே கிடையாது, ஒரே இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிக்கிறார்கள். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் படம் ஓடுகிறது. முதலில் வைஃபை பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து வெளியே வையுங்கள்.

மெஷின் லர்னிங் வந்து எல்லாவற்றையும் கணித்துவிடும் என்கிறார்களே?

தர மதிப்பீட்டில் உதவுகிறது. கணக்கில் வந்த எண்ணுக்கும் ரிசீவரில் வந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பழைய சேனல்களிலிருந்து கற்றுக்கொண்டு மார்ஜினைக் குறைக்க முடியும். உள்ளே போகும் தகவல் சரியாக இருந்தால்தான். ஸ்பேன் நீளமே தப்பாக எழுதியிருக்கும் ஆவணத்தை வைத்து எந்த மாடலும் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டில் உட்கார்ந்து பழக ஏதாவது உண்டா?

ஜிஎன்பை இருக்கிறது. டெலிகாம் இன்ஃப்ரா ப்ராஜெக்ட் குழுவில் வளர்ந்த பைத்தான் மென்பொருள், இலவசம், ஜிஎன் மாடலை உள்ளே வைத்திருக்கிறது. மேலே ‘அ’, ‘ஆ’ பாதைகளின் ஸ்பேன்களை ஜேசன் கோப்பில் எழுதி ஓட்டுங்கள், கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். எண்கள் அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஏன் என்று தேடும்போது ஆம்ப்ளிஃபயரின் கெயினுக்கு ஏற்ப நாய்ஸ் ஃபிகர் மாறுவது கண்ணில் படும். அது தெளிந்த பிறகு, ஒளிப் பாதைத் தேர்வு பற்றிய இணைய ஆவணங்களான ஆர்எஃப்சி 4054, அதன் பின் 2012-இல் வந்த 6566 இரண்டையும் படியுங்கள். முதலில் அவற்றை எடுத்தால் தூக்கம்தான் வரும்.

பழகியவுடன் ஒரு சோதனை: ‘அ’ பாதையின் ஐந்து ஸ்பேனில் ஏதாவது ஒன்றின் நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் குடில் கட்டப் பணம் கிடைத்தால் எங்கே வைப்பீர்கள், எத்தனை டெசிபல் மீளும்? எல்லா ஸ்பேனும் சமம் என்பதால் எங்கே வைத்தாலும் ஒன்றுதான், ஒரு டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவாகவே மீளும். இப்போது அதே 550 கி.மீ.யை 80, 80, 130, 130, 130 என்று மாற்றிப் போட்டுத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.